65 வயதில் ஒரு கையெழுத்து: அமெரிக்க மெடிகேரில் இலவசங்களின் விலை

அமெரிக்காவில் ஒருவருக்கு 64 வயது முடிந்துவிட்டது என்பது அவர் பெற்ற பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தபால் பெட்டி நிறைய வண்ண அட்டைகள் வந்து விழுகின்றன. மாதப் பிரீமியம் பூஜ்யம். பல், கண், காது மூன்றுக்கும் சேர்த்துக் காப்பீடு. ஜிம் இலவசம். மருந்துக் கடையில் பற்பசை, வைட்டமின் மாத்திரை வாங்கிக்கொள்ள மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்டில் பணம். டி.வி.யைப் போட்டால் நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஜோ நேமத் வந்து, ‘உடனே இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கள்’ என்கிறார். இந்த விளம்பரங்கள் எல்லை மீறிப் போனதால்தான், 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பெயரையும் அரசு கார்டின் படத்தையும் காட்டி ஏமாற்றக் கூடாது என்று 2023-ல் மத்திய அரசு விதிகளை இறுக்கியது.

நம்மவர்களுக்கு இதில் என்ன வந்தது? 1990-களின் தொடக்கத்தில் எச்1பி விசாவில், முப்பது வயதில் சூட்கேஸோடு வந்து இறங்கிய தமிழ் சாஃப்ட்வேர்க்காரர்கள் வரிசையாக 65-ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் வந்த டாக்டர்கள் எப்போதோ அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். 1965 ஜூலை 30-ம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் மெடிகேர் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ம் தேதி அதே ஜான்சன் போட்ட இன்னொரு கையெழுத்துதான் ஆசியர்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்தது. ஒரு சட்டம் ஆஸ்பத்திரிகளில் முதியவர்களை நிரப்பியது. அவர்களைப் பார்க்க டாக்டர்கள் போதாமல் போனபோது, மதராஸிலும் மதுரையிலும் படித்தவர்களுக்கு இன்னொரு சட்டம் வழிவிட்டது. அன்றைக்கு மெடிகேர் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இன்று தாங்களே மெடிகேர் கார்டோடு உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது என்று விழிக்கிறார்கள்.

பெட்டிகள் இரண்டு. ஒன்று, ‘ஒரிஜினல் மெடிகேர்’ எனப்படும் பழைய அரசுத் திட்டம். இன்னொன்று, அரசு கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு தனியார் கம்பெனி நடத்தும் ‘மெடிகேர் அட்வான்டேஜ்’. 2025 கணக்குப்படி, தகுதியுள்ளவர்களில் 54 சதவீதம் பேர், சுமார் 3.4 கோடிப் பேர், இரண்டாவது பெட்டியில் இருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் யுனைட்டெட்ஹெல்த்கேர், ஹியூமனா என்ற இரண்டே கம்பெனிகளிடம்.

பழைய திட்டத்தின் ஓட்டைகள்

பழைய திட்டம் ஒன்றும் புனிதமானது அல்ல. அதன் பார்ட் ஏ ஆஸ்பத்திரிச் செலவுக்கு. பார்ட் பி டாக்டர், ஸ்கேன், கீமோதெரபி போன்றவற்றுக்கு. அமெரிக்காவில் பத்தாண்டு வேலை பார்த்து வரி கட்டியிருந்தால் பார்ட் ஏ-வுக்குப் பிரீமியம் கிடையாது. பார்ட் பி-க்கு 2026-ல் மாதம் 202.90 டாலர், வருமானம் அதிகமென்றால் இன்னும் கூடும். மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும், நாட்டின் எந்த மூலையிலும், யாரிடமும் சீட்டு வாங்காமல் போகலாம் என்பது இதன் பெரிய பலம்.

பலவீனமும் பெரியதுதான். டாக்டர் பில்லில் 20 சதவீதம் நம் தலையில். அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. புற்றுநோய்க்கு ஒரு வருஷத்தில் மெடிகேர் கணக்கில் ஒரு லட்சம் டாலர் ஆனால், நம் பங்கு 20,000 டாலர். மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி வாங்க வேண்டும். வழக்கமான பல் சிகிச்சை இல்லை, மூக்குக்கண்ணாடி இல்லை, காது கேட்கும் கருவி இல்லை. வயதானவருக்கு முதலில் பழுதாகும் மூன்றையும் 1965-ல் விட்டார்கள். அறுபது வருஷமாகியும் சேர்க்கவில்லை. அட்வான்டேஜ் கம்பெனிகள் கடை விரித்திருப்பதே இந்த ஓட்டைகளின் மேல்தான்.

20 சதவீத ஓட்டையை அடைக்க ‘மெடிகேப்’ என்ற துணைக் காப்பீடு உண்டு. இதையும் தனியார் கம்பெனிகள்தான் விற்கின்றன. ஆனால் உள்ளடக்கத்தை அரசு நிர்ணயித்திருக்கிறது. இன்று அதிகம் விற்கும் ‘பிளான் ஜி’ இருந்தால், 2026-ல் பார்ட் பி-யின் முதல் 283 டாலரை மட்டும் நாம் கட்டினால் போதும். அந்த ஒரு லட்சம் டாலர் புற்றுநோய்க்காரரின் பங்கு 20,000-லிருந்து 283-க்கு இறங்கிவிடும். அதற்கு விலை உண்டு. ஊரையும் வயதையும் பொறுத்து மாதம் 100 சொச்சத்திலிருந்து 300 டாலருக்கு மேலும் போகும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் தனித்தனிப் பாலிசி. பார்ட் பி, மெடிகேப், பார்ட் டி எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு தம்பதிக்கு மாதம் 800 டாலர் சர்வசாதாரணம். பக்கத்திலேயே ‘பிரீமியம் பூஜ்யம்’ என்ற அட்டை கிடக்கும்போது கை எங்கே போகும்?

அந்தப் பூஜ்யத்திலும் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது. பார்ட் பி-யின் 202.90 டாலரை அட்வான்டேஜில் இருப்பவரும் கட்டித்தான் ஆக வேண்டும். சில திட்டங்கள் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும்; பெரும்பாலானவை தராது.

இலவசத்துக்கு யார் பணம்?

அட்வான்டேஜில் ஒருவர் சேர்ந்ததும், அவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு மாதாமாதம் கம்பெனிக்குக் கொடுக்கிறது. அவர் நோய்கள் எவ்வளவு அதிகமாகப் பதிவாகின்றனவோ அவ்வளவு அதிகப் பணம். அதில் மிச்சம் பிடிப்பதிலிருந்துதான் பல், கண், ஜிம் எல்லாம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் குழுவின் கணக்கு இது: அதே ஆட்கள் பழைய திட்டத்தில் இருந்தால் ஆகும் செலவைவிட 2025-ல் சுமார் 20 சதவீதம், அதாவது 8,400 கோடி டாலர், அதிகமாக அரசு கொடுத்தது. கம்பெனிகள் இந்தக் கணக்கு முறையை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மெட்பேக் வருஷா வருஷம் இதையேதான் சொல்லிவருகிறது.

இலவசங்களிலேயே விசித்திரமானது, வீடு தேடி வரும் நர்ஸ். போனில் அன்பாகக் கூப்பிட்டு, ‘உங்கள் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு இலவசப் பரிசோதனை இருக்கிறது, நாங்களே வருகிறோம்’ என்பார்கள். வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மருந்து டப்பாக்களைக் குறித்துக்கொள்வார்கள், கால் விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். போகும்போது புதிதாக நாலைந்து வியாதிகளின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கலாம். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் தோண்டியது. வீட்டு வருகையிலும் அதையொட்டிய ஃபைல் ஆய்விலும் மட்டுமே பதிவாகி, அதற்கென்று வேறு எந்தச் சிகிச்சையும் நடந்ததாகப் பதிவில்லாத நோய்களுக்காக 2023-ல் சுமார் 750 கோடி டாலர் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது. நர்ஸ் வருவது நமக்கு இலவசம். கம்பெனிக்கு அது வரவு.

இந்தக் கூடுதல் சலுகைகளின் மதிப்புதான் என்ன? பல்லை எடுத்துக்கொள்வோம். சுத்தம் செய்வதற்கும் எக்ஸ்ரேவுக்கும் பிரச்னை இல்லை. அதற்கு மேல் போனால் ஆண்டு உச்சவரம்பு. 2021-ல் கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு பார்த்தபோது, பல் சலுகைக்கு ஆண்டு வரம்பு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வரம்பு 1,000 டாலரோ அதற்குக் குறைவோதான். ஒரே ஒரு பல்லுக்கு ரூட் கேனாலும் கிரவுனும் போட்டாலே அந்தத் தொகை காலி. காதுக் கருவிக்கும் கண்ணாடிக்கும் இதே கதை: குறிப்பிட்ட கடை, குறிப்பிட்ட மாடல், அதற்கு மேல் கைக்காசு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புகிறோம் என்பார்கள். ரசம் சாதம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். காமன்வெல்த் ஃபண்ட் கருத்துக்கணிப்பில், அட்வான்டேஜில் இருப்பவர்களில் பத்தில் மூன்று பேர் ஓராண்டில் எந்தக் கூடுதல் சலுகையையும் பயன்படுத்தவே இல்லை.

பல், கண், காது, ஜிம் எல்லாவற்றையும் தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் டாலர். நோய் என்று படுத்தால் பேசப்படும் தொகை லட்சங்களில். நகைக்கடைக்காரர் கொடுக்கும் பையின் அழகைப் பார்த்து நகை வாங்குகிற வேலை இது.

இடுப்பு எலும்பு முறிந்தால்

இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆரோக்கியமான 66 வயதுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அவர் அட்வான்டேஜைப் புகழ்ந்துகொண்டுதான் இருப்பார். வித்தியாசம் தெரிய ஒரு சம்பவம் வேண்டும். 78 வயதுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் நன்றாக முடிகிறது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் ‘டிஸ்சார்ஜ்’ என்கிறார்கள். ஆனால் பாட்டியால் நடக்க முடியாது. வீடோ மாடி வீடு. மறுவாழ்வு மையத்தில் சில வாரம் தங்கிப் பிசியோதெரபி எடுக்க வேண்டும்.

பழைய மெடிகேரில், மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால் முதல் 20 நாள் இலவசம். 21-லிருந்து 100-ம் நாள் வரை தினம் ஒரு தொகை, அதையும் மெடிகேப் கட்டிவிடும். எத்தனை நாள் என்பதை டாக்டரும் மையமும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அட்வான்டேஜில் அந்த மூன்று நாள் நிபந்தனையைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், அது நல்லதுதான். பதிலாக முன் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காத்திருப்பு. அனுமதித்த நாள்கள் முடிந்ததும் மறுபடி கேட்க வேண்டும். பாட்டி வாக்கரைப் பிடித்து முப்பது அடி நடந்துவிட்டார் என்று ரிப்போர்ட்டில் எழுதினால், ‘தேறிவிட்டார், வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று கடிதம் வந்துவிடலாம். அப்பீல் செய்யக் கெடு மிகக் குறைவு. கையில் போனும் மடியில் ஆபீஸ் லேப்டாப்புமாக மகளோ மருமகனோ இதற்காக அலைவார்கள்.

செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய இத்தகைய பராமரிப்புக் கோரிக்கைகளை யுனைட்டெட்ஹெல்த்கேர் நிராகரித்த விகிதம் 2020-ல் 10.9 சதவீதம், 2022-ல் 22.7. எத்தனை நாளில் ஒருவர் தேறுவார் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் முறையை வைத்துச் சிகிச்சையை நிறுத்தினார்கள் என்று, இறந்துபோன இருவரின் குடும்பங்கள் 2023-ல் மினசோட்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அது வெறும் வழிகாட்டி, முடிவெடுப்பது மருத்துவர்கள்தான் என்பது கம்பெனியின் பதில்.

எல்லா அனுமதிகளையும் மொத்தமாகப் பார்த்தால் 2023-ல் அட்வான்டேஜ் கம்பெனிகளிடம் கிட்டத்தட்ட 5 கோடி முன் அனுமதிக் கோரிக்கைகள் போயின. 32 லட்சம் முழுதாகவோ பாதியாகவோ மறுக்கப்பட்டன. மறுப்பு 6.4 சதவீதம்தானே என்று தோன்றும். அடுத்த எண்ணைப் பாருங்கள். மறுக்கப்பட்டவர்களில் அப்பீல் செய்தவர்கள் 12 சதவீதம்கூட இல்லை. செய்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஜெயித்தார்கள். என் கணிப்பில் இந்தத் துறையின் ரகசியமே இதற்குள்தான் இருக்கிறது: கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்கும் தெம்பு நோயாளிக்கு இல்லை.

இன்னொரு தொல்லை நெட்வொர்க். அட்வான்டேஜ் திட்டம் ஏற்கும் டாக்டர்களின் பட்டியலான அது வருஷா வருஷம் மாறும். சான் டியேகோவின் பெரிய மருத்துவக் குழுமமான ஸ்கிரிப்ஸ், தன் டாக்டர் குழுக்களின் அட்வான்டேஜ் ஒப்பந்தங்களிலிருந்து 2024 ஜனவரியில் விலகியபோது சுமார் 30,000 முதியவர்கள் டாக்டரையோ திட்டத்தையோ மாற்ற வேண்டி வந்தது. நம் வீட்டுப் பெற்றோர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஆறு மாதம் டாலஸில் மகன் வீடு, ஆறு மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீடு என்று மாறி மாறி இருப்பவர்களுக்கு, டாலஸ் நெட்வொர்க் திட்டம் நியூ ஜெர்சியில் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் உதவும். சர்க்கரை டாக்டரையோ இதய டாக்டரையோ வழக்கமாகப் பார்க்க உதவாது. பழைய மெடிகேரும் மெடிகேப்பும் இரண்டு ஊரிலும் செல்லும்.

திரும்பி வர முடியுமா?

‘இப்போதைக்கு அட்வான்டேஜில் இருப்போம், உடம்புக்கு வந்தால் பழையதற்கு மாறிக்கொள்வோம்.’ அமெரிக்கத் தமிழர் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம். அட்டைகளில் எங்கும் அச்சாகாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. பழைய மெடிகேருக்கு வருஷா வருஷம் திரும்பலாம். ஆனால் மெடிகேப் கிடைக்குமா என்பது வேறு.

65-ல் பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் வரை, எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் கம்பெனி மறுக்க முடியாது. அட்வான்டேஜில் முதன்முதலாக 65-ல் சேர்ந்தவர் முதல் 12 மாதத்துக்குள் மனசு மாறினாலும் அந்த உரிமை உண்டு. அதற்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, கம்பெனி உடல்நிலையைக் கேட்கலாம். சர்க்கரை, ஸ்டென்ட், பழைய புற்றுநோய் என்று காரணம் காட்டி இல்லை என்று சொல்லலாம். உடல்நிலை பார்க்காமல் எப்போதுமோ ஆண்டுக்கு ஒருமுறையோ கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பவை நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் போன்ற சில மாநிலங்களே. தமிழர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா அதில் இல்லை.

இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்தவர்கள் நியூயார்க் நகராட்சியின் ஓய்வூதியர்கள். தீயணைப்பு, போலீஸ், பள்ளி ஊழியர்கள் உட்பட சுமார் இரண்டரை லட்சம் பேரைப் பழைய மெடிகேரிலிருந்து அட்வான்டேஜுக்கு மாற்றினால் ஆண்டுக்கு 60 கோடி டாலர் மிச்சம் என்று நகராட்சி 2021-ல் கிளம்பியது. ஓய்வூதியர்கள் சங்கம் அமைத்து, கைக்காசு போட்டு வழக்கு நடத்தினார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தார்கள். 2025 ஜூனில் மாநிலத்தின் உச்ச கோர்ட் நகராட்சி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இரண்டே நாளில் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ், மாற்றப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். இலவச ஜிம்மை வேண்டாம் என்று சொல்ல நாலு வருஷம் கோர்ட் படியேறியவர்கள் அவர்கள்!

அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை. வருமானம் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தோடு முடிந்துபோகிறவருக்கு மெடிகேப் பிரீமியம் கட்டுப்படியாகாது. அவர் துணை எதுவும் இல்லாமல் பழைய மெடிகேரில் இருப்பது ஆபத்து. அட்வான்டேஜில் நெட்வொர்க்குக்குள் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2026-ல் அது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது. வரம்பே இல்லாத 20 சதவீதத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்த பெற்றோர் நிலைமையும் இப்படித்தான். தொடர்ந்து ஐந்தாண்டு வாழ்ந்த பிறகே அவர்கள் மெடிகேரை விலைக்கு வாங்க முடியும். அங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாததால் 2026-ல் பார்ட் ஏ-வுக்கே மாதம் 565 டாலர். பார்ட் பி-யும் சேர்த்தால் ஓர் ஆளுக்கு 767.90. அதற்கு மேல் மெடிகேப் என்றால் மகன் பெருமூச்சு விடத்தான் செய்வான்.

பழைய திட்டமும் பழையபடியே இல்லை. 2026 ஜனவரி முதல் நியூ ஜெர்சி, டெக்சாஸ், ஒஹையோ, ஓக்லஹோமா, அரிசோனா, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு முன் அனுமதி கேட்கும் சோதனைத் திட்டம் ஒரிஜினல் மெடிகேரிலேயே நுழைந்துவிட்டது. இன்றைக்குப் பட்டியல் சின்னது. நாளைக்கும் சின்னதாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மார்கழிக்குச் சென்னை வந்தால்

சென்னையில் சீசன் கச்சேரி, மதுரையில் பொங்கல் என்று வருஷத்தில் சில மாதம் இங்கே வந்து தங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் சல்லிக்காசு தராது. மெடிகேப் பிளான் ஜி, வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு முதல் 250 டாலர் போக 80 சதவீதம் தரும். அதுவும் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கிய நோய்க்கு, ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 50,000 டாலர் வரை. தீபாவளிக்கு வந்து பொங்கல் முடித்துப் போகிறவருக்கு நடுவழியிலேயே கெடு முடிந்துவிடும். சில அட்வான்டேஜ் திட்டங்களிலும் வெளிநாட்டு அவசரச் சலுகை உண்டு. ஆனால் தன் பகுதியைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பெரும்பாலும் திட்டத்திலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். தனியாகப் பயணக் காப்பீடு எடுப்பதுதான் உத்தமம்.

இந்தியாவுக்கே வந்து செட்டிலாகிவிடலாம் என்று பார்ட் பி-யை எடுக்காமல் விடுபவர்கள், பேரன் பிறந்தான் என்று ஐந்து வருஷம் கழித்துத் திரும்பினால் அபராதம் காத்திருக்கும். தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம், ஆயுள் முழுக்க.

என் தீர்ப்பு இது. மாதம் இருநூறு, இருநூற்றைம்பது டாலர் கொடுக்க முடிகிறவர்கள் முதல் ஆறு மாதத்திலேயே மெடிகேப்பை எடுத்துவிடுங்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் கைக்காசு செலவழியுங்கள். முடியாதவர்கள் அட்வான்டேஜை எடுங்கள். ஆனால் அட்டையின் முன்பக்கத்தைப் பார்க்காமல், உங்கள் டாக்டர், உங்கள் ஆஸ்பத்திரி, பக்கத்திலுள்ள புற்றுநோய் மையம், நீங்கள் சாப்பிடும் மாத்திரை நாலும் அந்தத் திட்டத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் பேசும் ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் அட்வான்டேஜில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் 2025 விகிதப்படி பெரும்பாலான மாநிலங்களில் முதல் ஆண்டுக்கு 626 டாலர் வரை, பிறகு ஆண்டுக்கு 313 டாலர் வரை அவருக்குக் கமிஷன். கமிஷன் வாங்காமல் ஆலோசனை சொல்ல ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஷிப்’ என்ற இலவச அரசு உதவி மையம் இருக்கிறது. மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் கேட்டால் உங்கள் ஊர் மையத்தின் நம்பரைத் தருவார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். திட்டம் மாற்றும் காலம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை.